மூன்றாவது இடத்து அட்டை

சனிக்கிழமை காலையில் பர்பேங்க் நகரத்து டோனட் கடை வாசலில், ஒரு காலத்தில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட பழைய வண்டிகள் வரிசையாக நிற்கும். மூன்றாவது இடத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது வெர்ஜிலின் மஞ்சள் ஃபோர்டு நிற்கும் இடம். அவரோடு பந்தயம் விட்ட நண்பர் மெர்ல் அந்த வண்டியை ஒருநாளும் முந்தியதில்லை. வெர்ஜில் செத்து, வண்டியும் காயலான் கடையில் நசுங்கி வருடங்களாகிவிட்டன. இருந்தாலும் மெர்ல் வந்ததும் அங்கே ஓர் அட்டையை விரித்துவிடுவார். உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் அதில் சூடாக ஆயில் சொட்டியிருக்கும்.

"செத்தும் அந்த ஆயில் ஒழுகுற கேஸ்கெட்டை மாத்த மாட்டேங்கிறான் பாரு, கஞ்சப்பய!" என்று மெர்ல் வாராவாரம் கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்த வாரம் அட்டை காய்ந்து கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அவனை ரொம்பத்தான் கிண்டலடிச்சிட்டே மெர்ல். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்," என்றார் பக்கத்து வண்டிக்காரர் ஹோமர்.

மெர்ல் அந்த இடத்துக்குப் போனார். அட்டையை எடுக்கக் குனிந்தார். டயர் கருகிய வாடை குப்பென்று ஏறியது. அங்கிருந்து தெருமுனை சிக்னல் வரைக்கும் இரண்டு கறுப்புக் கோடுகள், புகை அடங்காமல்.

"கேஸ்கெட்டை மாத்திட்டான்டா!" என்று கூவியபடி மெர்ல் தன் வண்டிக்கு ஓடினார்.

சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு வண்டிக்கு இடம் விட்டு நிறுத்தினார்.