ஆறிப்போன சூப்

கணவர் பியோங்ஹோவை போர்வீரர்கள் மயானத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, ஓக்பூன் மாட்டிறைச்சி சூப்பை அடுப்பில் ஏற்றினாள். சட்டியை வைத்த வேகத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

"தம்பி ஜின்சு அத்தையை பூசான் போற ரயில்ல ஏத்திட்டு வந்துடட்டும்மா, அப்புறம் சாப்பிடலாம்," என்றாள் மகள் மிரான்.

"முடியாது! இன்னைக்காவது சூடா சாப்பிடுவோம். ஐம்பது வருஷமா உங்கப்பா வாசல்ல நின்னு தலை எண்ணுவாரு. பிள்ளைங்க அஞ்சும் உள்ள வந்தாத்தான் மூடியைத் தொட விடுவாரு. இது வீடா, பட்டாளமா? வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷனுக்கு அதிகாரம் மட்டும் குறைச்சலில்லை!"

கூட வந்திருந்த பட்டாளத்து நண்பர் காங் திகைத்துப் பார்த்தார்.

"தெரியாதா? போர் சமயத்துல எங்க படைக்கே அவன்தானே சமையல்காரன், தங்கச்சி!"

"என்னண்ணே, இந்த நேரத்துல கிண்டலா?"

"சத்தியமா. ஒரு நாள் எல்லாரும் குன்று மேல சண்டைக்குப் போனோம். திரும்பி வந்து சாப்பிடுவோம்னு அண்டா நிறைய சூப் வச்சுட்டு, வழியைப் பார்த்து நின்னுட்டிருந்தான். வந்தது நான் ஒருத்தன்தான். அதுக்கப்புறம் அவன் கரண்டியைத் தொடவே இல்லை."

சூப் கொதித்து மூடி ஆடியது. ஓக்பூன் அடுப்பை அணைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"இந்த ஜின்சுவை இன்னும் காணோமே," என்றபடி வாசலுக்குப் போய் நின்றாள்.