மேனேஜர் கழுத்து

"அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். எங்க மேனேஜர் கழுத்தை மட்டும் சரி பண்ணிடாதீங்க."

மசாஜ்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். வலி போகவேண்டும் என்று வந்தவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார்.

வந்திருந்த டைப்பிஸ்ட் விஷயத்தை உடைத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டதிலிருந்து மேனேஜரின் தலை மேலும் கீழும்தான் அசைகிறதாம். பக்கவாட்டில் திரும்புவதே இல்லையாம்.

"பத்து வருஷமா எது கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார். இப்படித்தான்." தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினாள். "இப்ப பேப்பரை நீட்டினா குனிஞ்சு பாக்கறார். 'சரின்னுட்டீங்க, ரொம்ப நன்றி சார்'னு சொல்லிடறோம்."

"ஏமாத்து வேலையில்லையா அது?"

"கையெழுத்தும் போட்டுடறாரே. தலையை ஆட்டிட்டு அப்புறம் மாத்திப் பேச கௌரவம் விடலை போல. டிரைவருக்கு நாலு வருஷத்துல இப்பதான் லீவு. எனக்குக் கால் ஆடாத நாற்காலி. இன்னும் ஏழு பேர் பாக்கி அண்ணே."

மசாஜ்காரருக்குச் சுருக்கென்றது.

"என் கை பட்ட கழுத்து மூணே நாள்ல திரும்பும்மா. இவர் ஒருத்தர்தான் பன்னிரண்டு நாளா என் மானத்தை வாங்கறார். நீங்க வேற வந்து வேண்டிக்கணுமா? போயிட்டு வாங்க."

மாலையில் மேனேஜர் வந்து பெஞ்சில் குப்புறப் படுத்தார். மசாஜ்காரர் பிடரியில் தொடங்கித் தோள்பட்டைவரை மூச்சுவாங்க நீவினார். ஒரு முடிச்சுகூடத் தட்டுப்படவில்லை.

"எழுந்து இடது பக்கம் திரும்புங்க சார்."

மேனேஜர் பீரோவை நகர்த்துவதுபோல் மொத்த உடம்போடு திரும்பினார்.

மசாஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார், என்னால ஆகலை. கையில இருந்த வித்தை போயிடுச்சு. நாளையிலேர்ந்து கடையைத் திறக்கப்போறதில்லை. நீங்க பெரிய டாக்டரா பாருங்க."

மேனேஜர் பதறிப்போனார். சட்டென்று தலையைத் திருப்பி இடது பக்கம் கதவைப் பார்த்தார். வலது பக்கம் ஜன்னலைப் பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கையில ஒரு குறையுமில்லைங்க, போன வாரமே சரியாயிடுச்சு. வெளியில மட்டும் சொல்லிடாதீங்க, பத்து வருஷத்துல இப்பதான் என்னையும் டீ குடிக்கக் கூப்பிடறாங்க."