முப்பத்திரண்டு வாசல்கள்

எங்கள் தெருவில் மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்து வைப்பவள் நான் ஒருத்திதான். இன்று காலை தூய்மைப் பணியாளர் முத்துப்பேச்சி அக்கா என் இரண்டு வாளிகளையும் தூக்கிப்போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைத்துப் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்பினார். கடைசியில் இரண்டையும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கவிழ்த்தார்.

"என்னக்கா இது?"

"வண்டில தடுப்பு ஏது தாயி? வீட்டுக்கு வீடு பிரிச்சு வாங்குன படம் போகலன்னா எனக்கு ஆப்சென்ட் போட்டுருவான். முப்பத்திரண்டு வீடும் ஒன்னய நம்பித்தான் இருக்கு. நாளைக்கும் சுத்தமாப் பிரிச்சு வையி."

மாலை வகுப்பு முடிந்து வந்து தேநீர் போட்டேன். நனைந்த தேயிலைப் பையிலிருந்து ஸ்டேப்லர் பின்னைப் பிடுங்கி விரலில் வைத்துக்கொண்டு, இரண்டு வாளிகளுக்கும் நடுவே நிற்கிறேன்.