நாலாவது கால்

அவள் தூணில் உள்ளங்கையை வைத்தாள்.

அதிர்கிறது.

தன் கைதான் நடுங்குகிறதோ என்று எடுத்துப் பார்த்தாள். கை சும்மாதான் இருந்தது.

தலைக்கு மேலே புதுத் தண்ணீர்த் தொட்டி. கட்டி முடித்து இன்றைக்குத்தான் முதல் தடவையாக அதில் தண்ணீர் ஏறுகிறது. மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் இருக்கும். தொட்டியின் நாலு கால்களுக்கு நடுவில்தான் குழாய். சுற்றுவட்டாரத்தில் வேறு நிழலும் கிடையாது. பெண்கள், பிள்ளைகள் என்று நாற்பது பேர் குடத்தோடு அங்கேயே நிற்கிறார்கள்.

அவள் மகள் கனிஷ்கா வரிசையில் மூன்றாவது.

இந்தக் கால்களை வார்த்தபோது கலவையைச் சட்டி சட்டியாக மேலே ஏற்றியவள் இவள். சித்தாள் வேலை. எண்ணிக்கொண்டே ஏற்றுவது பழக்கம். எண்ணினால் இடுப்பு வலி தெரியாது.

முதல் காலுக்கு நாற்பத்தாறு சட்டி. இரண்டாவதுக்கும் நாற்பத்தாறு. மூன்றாவதுக்கும் அதேதான்.

நாலாவது கால் நாற்பதிலேயே நிரம்பிவிட்டது.

அன்றைக்கு முக்கால் அங்குல ஜல்லி தீர்ந்துபோயிருந்தது. லாரியில் வந்து இறங்கியது ஒன்றரை அங்குல ஜல்லி. ஒவ்வொரு கல்லும் கோழிமுட்டை அளவு. அடித்தளத்தில் கொட்ட வேண்டிய கல். காலுக்குள்ளே கம்பிகளுக்கு நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் அதிகம். கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்டிய இடத்தில் அதுவும் நுழையாது. மற்ற கால்களில் அவள் கொட்டிய கலவை பொத்தென்று அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. இதில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கல் கம்பியில் சிக்கி உட்கார்ந்துகொண்டது. சிமெண்டுப் பால் மட்டும் பலகை இடுக்கில் வழிந்து வீணாய்ப் போனது.

ஆறு சட்டி குறைகிறதே என்று மேஸ்திரி துரைக்கண்ணுவிடம் போய்ச் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"பெரிய கல்லு எடத்த அடைச்சுக்கும், சட்டி கொறையத்தாம்மா செய்யும். கல்லு பெருசா இருந்தா பலமும் பெருசு. போ, போய் வேலையப் பாரு."

முப்பது வருஷ மேஸ்திரி பேசுகிற பேச்சு. கல் பெரிதோ சிறிதோ, சட்டி நிறைந்தால் சட்டிதானே? காலுக்குள் எங்கேயோ ஆறு சட்டி கொள்கிற பொந்து இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

பலகையைப் பிரித்தார்கள். இடுப்புயரத்தில் கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலமே சிமெண்டை அப்பித் தேய்த்துவிட்டார்கள். பிறகு வெள்ளையும் அடித்தார்கள். நாலு காலும் ஒரே அச்சு. இன்ஜினியரிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் போனில் இருந்தார். மேஸ்திரியிடம் சொல் என்று கையைக் காட்டினார்.

இப்போது அதே இடுப்புயரத்தில் ஒரு கீறல்.

மோட்டார் போட்டபோது இல்லை.



வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். கால் சரியில்லை, தள்ளி நில்லுங்கள் என்றாள். முதல் குடம் பிடிக்க இப்படியும் ஒரு வழியா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மோட்டார்காரனிடம் ஓடினாள். தொட்டி கட்டியது இன்ஜினியரா, நீயா என்றான் அவன். நல்ல நாளும் அதுவுமாய் வாயை வைக்காதே என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

கனிஷ்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். இடம் போய்விடும் என்று அவள் உதறினாள்.

தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பெற்ற பெண்தானே. ஆனால் கனிஷ்காவுக்குப் பின்னால் நின்றவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அது இவளைப் பார்த்துச் சிரித்தது.

வெள்ளைப்பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

கீறலில் இப்போது நகம் நுழைந்தது.

அவள் நிழலை விட்டு வெளியே நடந்தாள். வெயிலில், ரோட்டோரம் போய்த் திரும்பி நின்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தொட்டித் தண்ணியில எலி மருந்து கலந்துட்டேன். நாந்தான் கலந்தேன்."

சிரிப்பு நின்றது.

பைத்தியமா உனக்கு, ஏன் அப்படிச் செய்தாய் என்று யாரோ கேட்டார்கள்.

உங்கள் ஒருத்தர் மூஞ்சியும் எனக்குப் பிடிக்கவில்லை என்றாள். கைக்குழந்தைக்காரியின் பெயரைச் சொல்லி வைதாள். பெரியவரை வைதாள். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது.

ஒரு குடம் கீழே விழுந்து உருண்டது. பிறகு வரிசை கலைந்தது. பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். மோட்டார்காரன் ஸ்பேனரோடு வந்தான். மோட்டாரை அவன் நிறுத்தவில்லை. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடி வந்தார்கள்.

அவள் ஓடவில்லை. ஓடினால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்களைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்தாள்.

கனிஷ்கா மட்டும் குழாயடியில் நின்றாள். அம்மாவையே பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு, அவமானத்தில் அழுதபடி, அவளும் வெயிலுக்கு வந்தாள்.

அப்பாடா என்றிருந்தது.

முதல் செருப்பு தோளில் வந்து விழுந்தது.

கூட்டத்தின் கடைசியில் இன்னும் நாலைந்து பேர் நிழலைத் தாண்டியிருக்கவில்லை.

அவள் பெரியவரின் அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். இன்னும் பத்தடி பின்னால் போனாள்.