பொது ஃபோல்டர்

2022 ஜூன் 12, ஈரோடு. லோகநாதன் தன் வீட்டில், குடும்பத்தார் படங்களைச் சேமித்து வைக்க ஒரு சர்வர் நிறுவினான். எல்லோருக்குமாக ‘பொது’ என்றொரு ஃபோல்டர். அதிலுள்ள படங்கள் ஹால் டிவியில் மாறி மாறி ஓடும். மற்றபடி ஆளுக்கொரு ஃபோல்டர், அவரவர் பாஸ்வேர்டு. அவன் அடித்த தழும்புகளை மனைவி சுகந்தி ஒவ்வொரு முறையும் படமெடுத்துத் தன் ஃபோல்டரில் வைத்தாள். என்றைக்காவது யாராவது நம்ப வேண்டுமே. ஒன்பது படங்கள் சேர்ந்திருந்தன. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், “தோள்பட்டை போட்டோ மங்கலா இருக்குது அம்மிணி. லைட்டப் போட்டு எடு” என்றான்.

“பாஸ்வேர்டு போட்டிருந்தனுங்களே.”

“சர்வரு என்னுது. எல்லாந் தெறக்கும். அழிக்க மாட்டேன், இருக்கட்டும். யாருக்குக் காட்டுவே?”

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் சுகந்தி ஒன்பதையும் ‘பொது’வுக்கு மாற்றினாள். மாலையில் மாமனாரும் மாமியாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணப் படத்தை அடுத்து அவளது தோள் டிவியில் வந்தது. பிறகு முதுகு. ஒன்பதும் ஓடி முடியும்வரை இருவரும் திரையையே பார்த்தார்கள். சுகந்தி கதவருகே நின்றிருந்தாள்.

“மணி ஆறரை ஆயிருச்சு” என்றார் மாமியார். “சீரியலப் போடு கண்ணு.”

சுகந்தி ரிமோட்டை எடுத்து மாற்றினாள்.