கட்டடக் கலைஞரின் மனைவி

தேவாலயங்கள் கட்டுவதில் ஆம்ப்ரோஸ் தார்ன்டனுக்கு இங்கிலாந்து முழுக்கப் பெயர். ஆனால் அவரே கட்டிய சொந்த வீடு ஒழுகியது. "அடுத்த வாரம் பாக்கறேன், லெட்டீஷியா" என்று மனைவியிடம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். ஒரு மழைக்காலத்தில் அவள் கட்டிலையும் பூனையையும் எடுத்துக்கொண்டு, அவர் கட்டிமுடித்திருந்த புதுத் தேவாலயத்துக்கே குடிபோய்விட்டாள்.

திறப்புவிழாவுக்கு வந்த பிஷப், பீடத்தருகே அவள் கட்டிலில் உட்கார்ந்து டீ குடிப்பதைக் கண்டு திகைத்தார்.

ஆம்ப்ரோஸுக்கு முகம் சிவந்தது. "வீட்டுக்கு வா. நாளைக்கே சரி பண்ணிடறேன்" என்று கெஞ்சினார்.

"பண்ணுங்க. அப்புறம் வர்றேன்."

பிஷப் தயங்கிக் கேட்டார்: "உள்ள உக்காந்துகிட்டு எதுக்கும்மா குடை பிடிச்சிருக்கீங்க?"

"இதுவும் இவர் கட்டினதுதானே, ஐயா."

ஆம்ப்ரோஸ் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிஷப் மெல்ல நகர்ந்து குடைக்குள் வந்துவிட்டார்.