நாற்காலியில் அம்மா

"பசியாறிட்டியாம்மா?"

ஜொகூர் பாருவில், தொழிற்சாலை கேண்டீனில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக் கேட்டான் வசந்தன். வடக்கே கோலா கெத்தில் ஊரிலிருந்த வீட்டுக் கூடத்தில் அவன் மாட்டியிருந்த கேமராவில் அந்தக் குரல் ஒலிக்கும். டிவிக்கு முன்னால் நாற்காலியில் இருந்த உருவம் திரும்பாமலே கையை மட்டும் தூக்கி ஆட்டியது. முதுகும் நரைத்த கொண்டையும் பூப்போட்ட பாத்தேக் கவுனும்தான் தெரிந்தன.

"மாத்திரை போட்டியா?"

மறுபடியும் கைதான் ஆடியது. வசந்தன் உடனே மனைவிக்குப் போன் போட்டான்.

"நளினி, அப்பா போனதிலேருந்து அம்மா ஒடுங்கிடுச்சு. காலையெல்லாம் அதே நாற்காலிதான் லா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேங்குது."

"ராத்திரி போன்ல கலகலன்னுதானே பேசுறாங்க?"

"நமக்காக நடிக்குது. இந்தச் சனிக்கிழமை கையோட கூட்டிட்டு வந்துடுறேன். வீட்டைப் பூட்டிட வேண்டியதுதான்."

ஊரைவிட்டு வரமாட்டேன் என்று அம்மா பிரேமாவதி முன்பே சண்டை போட்டிருந்தாள். இந்த முறை அழுதாலும் விடுவதில்லை என்ற முடிவோடு, சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினான்.

கதவு திறந்துதான் இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் போய் மெல்லத் தோளைத் தொட்டான்.

"அம்மா..."

திரும்பிய முகம் அம்மாவுடையது அல்ல. பின்வீட்டில் தனியாக இருக்கும் அழகம்மா!

"பெரியம்மா, நீங்களா? அம்மா எங்க? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அழகம்மா வாசலைக் கை காட்டினாள். வசந்தன் வாசல் பக்கம் ஓடினான்.

அந்த நேரம் பார்த்து கேட் கிறீச்சிட்டது. டிராக் பேண்ட், டீ சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் துண்டு. வியர்வை வழிய, யாரிடமோ "நாளைக்குப் பார்ப்போம் லா!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தாள் பிரேமாவதி.

மகனைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றுவிட்டாள்.

"பாடாங் திடல்ல எக்சர்சைஸ்டா. மலாய்க்கார மக்சிக் ரோசா, மே லிங் அக்கா, நம்மாளுங்க எல்லாம் ஒண்ணா ஆடுவோம். அப்புறம் கோயில் சமையலுக்குக் காய் வெட்டுவோம், கேரம் ஆடுவோம். வீடு வர மத்தியானம் ஆயிடும்."

"இதை ஏம்மா மறைச்சே?"

"அப்பாவுக்கு இன்னும் வருசம் திரும்பல. அதுக்குள்ள பாட்டுக்கு ஆடுறியான்னு நீ கேட்டுட்டா? நாற்காலி காலியா இருந்தா பதறிப்போவே. அதான் அழகம்மாவை உக்கார வெச்சேன். கவுனு பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி எடுத்தது. கூப்பிட்டா கையை மட்டும் ஆட்டுன்னு சொல்லிக் குடுத்தேன்."

வசந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜொகூரிலிருந்து சுமந்து வந்த பாரம் போன இடம் தெரியவில்லை.

"நீ நல்லா ஆடும்மா. அப்பா இருந்திருந்தா அவரே கொண்டுபோய் விட்டிருப்பாரு."

பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, கேமராவில் கை வைத்தான்.

"இனிமே இது எதுக்கு? பெரியம்மா, உங்களுக்கும் இன்னையோட விடுதலை!"

அதுவரை ஒரு மூலையில் நின்ற அழகம்மா ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டிடாதப்பா. உங்கம்மா ஒரு வாரம்தான் உக்காரச் சொன்னா. சிரமம்னா அப்புறம் வேணாம்னுதான் சொன்னா, நானாதான் வந்து உக்கார்றேன். புள்ளை குட்டி இல்லாத என்னை, இந்த நாற்காலியில இருந்தாத்தானே ஒருத்தன் அம்மான்னு கூப்பிடுறான்."